கியர் விழாத லாரி

ஆயுத பூஜைக்கு மறுநாள் லாரியில் கியர் விழ மறுத்தது. மெக்கானிக் ஸ்பேனரோடு வருவதைக் கியர்பாக்ஸ் பார்த்துவிட்டது. ‘போச்சு, பிரித்துப் போடப்போகிறான். என் பல் ஒன்றுகூடத் தேயவில்லையே!’

“தம்பி, நீயாவது சொல்லேன்” என்று கிளட்ச் பெடலிடம் கெஞ்சியது.

“நான் முழுசா இறங்கினாத்தானே உங்களுக்கு கியர் விழும்? பாதியிலேயே ஏதோ முட்டுதுண்ணே.”

அடியில் படுத்திருந்த மெக்கானிக் முதல் போல்ட்டைக் கழற்றினான். “ஐயோ!” என்று அலறியது கியர்பாக்ஸ்.

டேஷ்போர்டிலிருந்து உருண்டு, கிளட்ச் பெடலுக்குப் பின்னால் இருட்டில் சிக்கிக்கிடந்த தேங்காய் மூடி, குங்குமம் துலங்க ஆறுதல் சொன்னது:

“பயப்படாதீங்கண்ணே! சாமிக்கு உடைச்ச தேங்காய் நான். நான் இங்கே இருக்கிறவரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது.”