மடங்கிய கால்

றக்வானத் தோட்டத்துக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு தானாக ஆடிக்கொண்டிருக்கிறது. நிறுப்பவர் யாருமில்லை, எல்லோரும் பொலிஸ் சார்ஜன்ட் நீட்டும் போனைப் பார்க்கிறார்கள். கொழும்புத் துறைமுகத்தில் கண்டெய்னரைத் திறக்காமலே உள்ளே பார்க்கிற ஸ்கேனர் எடுத்த படம். கப்பலேறவிருந்த இந்தத் தோட்டத்துத் தேயிலை மூட்டைகள் சாம்பல் அடுக்குகளாகத் தெரிகின்றன. அவற்றுக்கு நடுவே, முழங்கால்களை நெஞ்சோடு சேர்த்து ஒடுங்கிய ஓர் ஆள். “மே கவுத? யாரு இது, தெரியுமா?” என்கிறார் சார்ஜன்ட். அனிற்றாவின் கூடையிலிருந்து மழைநீர் சொட்டுகிறது. படத்தில் முகம் இல்லை. ஆனால் வலது முழங்காலருகே ஒரு தகடு, ஆறு ஆணிகள். கடைசி ஆணி கோணல். இரத்தினபுரி ஆஸ்பத்திரி கொடுத்த எக்ஸ்ரேயை லயத்து வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அவள் எத்தனையோ முறை எண்ணிய ஆணிகள். முந்தாநாள் கிளினிக்குக்கென்று பஸ் ஏறிய புருஷன் அருளப்பன், கோயிலில் எல்லோரும் முழந்தாளிடும்போது தான் மட்டும் காலை நீட்டி உட்கார்ந்திருப்பவன். “இன்னும் உள்ளுக்கா சார் இருக்காரு?” சார்ஜன்ட் போனை அணைக்கிறார். இருண்ட திரையைப் பார்த்தே அவள் சொல்கிறாள்: “அந்தக் கால அவரால மடக்கவே முடியாதுங்க சார். நீட்டி விடச் சொல்லுங்க.”