ஒரே ஜாதகம்

அக்கா தையல் கடை வைத்திருந்தாள். தங்கை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். இருவரும் சில நிமிட இடைவெளியில் பிறந்த இரட்டையர். அக்காவுக்கு ஜோசியம் என்றால் உயிர். தங்கைக்கோ அது வெறும் சிரிப்பு.

"ஒரே ராசி, ஒரே ஜாதகம். எனக்குக் கல்யாணமாகி ரெண்டு புள்ளைங்க. உனக்கு இன்னும் மாப்பிள்ளையே அமையல. கிரகமெல்லாம் என்ன பண்ணிட்டு இருக்காம்?" என்று கேலி செய்தாள் தங்கை.

"சரி, சோதிச்சே பார்த்துடுவோம். ஒரே ஜாதகம்னா தியானத்துல ரெண்டு பேருக்கும் ஒரே காட்சிதான் தெரியணும்" என்றாள் அக்கா.

அன்று மாலை அவரவர் வீட்டில் ஒரே நேரத்தில் தியானத்தில் உட்கார்ந்தார்கள். முடிந்ததும் தங்கைதான் முதலில் போன் செய்தாள்.

"அக்கா, பச்சை பெயிண்ட் அடிச்ச ஒரு ரூம். உள்ள ஒரு பொம்பள கண்ண மூடி உக்காந்திருந்தா."

"இடது கன்னத்துல மச்சம்?"

"ஐயோ! ஆமாக்கா!"

இருவரும் போட்ட கூச்சலில் தங்கையின் கணவர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்.

மறுநாள் காலை அக்கா கண்ணாடிக் கடைக்கே வந்துவிட்டாள். பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து அதையே பேசிக்கொண்டிருந்தபோது, கதவைத் திறந்துகொண்டு மச்சக்காரி வந்தாள். இவர்களைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

"நேத்து தியானத்துல உங்க ரெண்டு பேரையும் பார்த்தேன். இந்தக் கடை போர்டும் தெரிஞ்சுது. நேரா வந்துட்டேன்."

தங்கை உற்சாகமாகக் கேட்டாள்: "நீங்க எப்ப பொறந்தீங்க?"

வந்தவள் தேதியைச் சொன்னாள். இவர்கள் பிறந்த அதே நாள், அதே வருடம்.

"எத்தனை மணிக்கு?" என்றாள் அக்கா.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல."

அக்கா அந்தப் பக்கமும் தங்கை இந்தப் பக்கமுமாக நகர்ந்து, அவள் உட்கார இடம் விட்டார்கள்.