சிவப்புக் கயிறு கட்டிய போசி

பத்தொன்பது பேரும் “ஒண்ணுமில்லீங்க” என்றார்கள்.

கௌசிக் தன் கையிலிருந்த பரீட்சை அட்டையைப் பார்த்தான். அதில் செருகியிருந்த தாளில் எல்லாம் தெளிவாகவே இருந்தது. சர்க்கரை, இதயநோய், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம். இவற்றில் ஏதேனும் உள்ளவர்கள் கொரோனா ஊரடங்கு முடியும்வரை வேலைக்கு வரக் கூடாது. வீட்டிலிருந்தாலும் முழுக் கூலி உண்டு. கீழே முதலாளி வேலுமணியின் கையெழுத்து. பெயர்களுக்காகப் பத்துக் கட்டங்கள்.

பத்தும் காலியாக இருந்தன.

எருமப்பட்டிக்கு அருகிலிருந்த அந்த முட்டைக்கோழிப் பண்ணைக்கு ஊரடங்கு பொருந்தவில்லை. ஊர் அடங்கினாலும் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டுதான் இருந்தன. மதியம் வெளியூர் லாரிகள் வந்துவிடும். எங்கெங்கோ போய்வந்த ஓட்டுநர்கள் இறங்கி, முட்டை அட்டைகளைக் கைக்குக் கை வாங்குவார்கள். அதற்குள் பெயர்கள் வேண்டும்.

லாரியில் ஏற்றிவிடுபவர் கந்தவேல். ஐம்பத்திரண்டு வயது. இடது காலில் ஒரு புண், பொங்கலிலிருந்து ஆறாமல் இருக்கிறது. அந்தக் காலுக்குத் துணி சுற்றிக்கொண்டு நின்றபடிதான் அவரும் “ஒண்ணுமில்லீங்க” என்றார்.

பண்ணையின் மேற்பார்வையாளனாக இரண்டு ஆண்டுகள் இருந்தும் கௌசிக்குக்குக் காரணம் விளங்கவில்லை. தாளை மறுபடியும் உரக்க வாசித்தான். முழுக் கூலி என்ற இடத்தை இரண்டு முறை வாசித்தான்.

தீவனம் கொட்டும் ஜீவானந்தம்தான் வாயைத் திறந்தார்.

“ஏனுங்க சார், நீல மை கொண்டாந்திருக்கீங்களா? எங்க வெப்பீங்க, நெத்தியிலயா?”

எல்லோரும் சிரித்தார்கள். கந்தவேல் சிரிக்கவில்லை.

கௌசிக்கின் பார்வை மீண்டும் அட்டையில் விழுந்தது. புதன்கிழமைதோறும் இதே அட்டையோடு, இதே கொட்டகை வாசலில்தான் அவன் நிற்பான். கொண்டை வெளுத்தவை, காலை இழுப்பவை, முட்டை நின்றுபோனவை எனக் கூண்டு கூண்டாகப் பார்த்து இவர்கள் பிரித்தெடுப்பார்கள். இறக்கையில் நீல மை வைப்பார்கள். அவன் எண்ணிக்கையை எழுதிக்கொள்வான். மறுநாள் காலை கறிக்கோழி வண்டி வந்து நிற்கும்.

மை வைத்த கோழி கூண்டுக்குத் திரும்பியதை இவர்களில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை.

இன்றும் புதன்கிழமை.

அட்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். மறைத்தது இன்னும் மோசமாகத் தெரிந்தது.

அப்போதுதான் அவனுக்குப் பொன்னாயியின் நினைவு வந்தது. பத்து மணிக்குத் தேநீர் கொண்டுவருபவர். எப்போதும் இரண்டு தூக்குப்போசிகள். கைப்பிடியில் சிவப்புக் கயிறு கட்டியதில் சர்க்கரை இருக்காது. அவனுக்கான தம்ளர் அலுவலக அறைக்கே வந்துவிடுவதால், கொட்டகையில் யார் எந்தப் போசியில் வாங்குகிறார்கள் என்பதை அவன் கவனித்ததே இல்லை. இன்று ஓரமாக நின்று பார்த்தால் போதும். ஒளிந்து பார்ப்பதுபோல்தான் இருந்தது. ஆனால் அந்தக் கால் அவன் கண்ணைவிட்டுப் போகவில்லை.

பத்து மணிக்குப் பொன்னாயி வந்தார். கையில் ஒரே ஒரு போசி.

கைப்பிடியில் கயிறு இல்லை. கயிறு இருந்த இடம் மட்டும் அழுக்கேறாமல் பளபளத்தது.

தம்ளர்கள் நிறைந்தன. தினமும் கூடுதலாக ஒரு கரண்டிச் சர்க்கரை கேட்டுச் சண்டைபிடிக்கும் ஜீவானந்தம் ஒரு வாய் குடித்துவிட்டு நின்றார். பொன்னாயியைப் பார்த்தார். கந்தவேலின் காலைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மிச்சத்தையும் குடித்துமுடித்தார். சர்க்கரை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

“என்னங்கக்கா, ஒரு போசிதான் வந்திருக்குது?” என்றான் கௌசிக்.

“இன்னிக்கு எல்லாத்துக்கும் ஒரே டீதானுங்க சாமி.”

அவனுடைய தம்ளரையும் அதிலிருந்தே நிரப்பிக் கொடுத்தார்.

குடித்தான். அவனுக்கு அது என்றைக்குமான தேநீராகவே இருந்தது.

தம்ளரைக் கீழே வைத்தான். பிறகு அட்டையை முன்னே கொண்டுவந்து, எல்லோரும் பார்க்க முதல் கட்டத்தில் ஒரு பெயரை எழுதினான். வயது இருபத்தேழு. நோய் என்ற இடத்தையும் நிரப்பினான். தாளை உருவிக் கேட்டில் ஒட்டினான்.

உரக்க வாசிக்கப்போன ஜீவானந்தம், பெயரோடு நிறுத்திக்கொண்டார்.

கௌசிக் தடுப்பூசிக் குளிர்பெட்டியைத் திறந்தான். கோழிகளுக்கான மருந்துக் குப்பிகளின் பின்னால், செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த தன்னுடைய சிறு இன்சுலின் குப்பியை எடுத்துப் பையில் வைத்தான். இரண்டு ஆண்டுகளாக அவனைத் தவிர யார் கைக்கும் போகாத அந்தப் பெட்டியின் சாவியை ஜீவானந்தத்திடம் கொடுத்துவிட்டுத் தன் பைக்கை உருட்டினான்.

கந்தவேல் குறுக்கே வந்து நின்றார்.

“திரும்பி வருவீங்களா சாமி?”

“வாரேனுங்க.”

பொன்னாயி மட்டும் தாளை வாசிக்க வரவில்லை. அலுவலக அறைக்குப் போகும் தம்ளரை எந்தப் போசியிலிருந்து நிரப்பவேண்டும் என்பதை, அவன் சேர்ந்த முதல் நாளே அவனிடமிருந்து கேட்டுக்கொண்டவர் அவர். எவரிடமும் சொன்னதில்லை.

சாலைக்கு வந்தபின் கௌசிக் திரும்பிப் பார்த்தான். இரண்டாவது கட்டத்துக்கு எதிரே கந்தவேல் நின்றுகொண்டிருந்தார். பொன்னாயி அவரிடம் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தார்.