தூளியின் எடை

சேக்காடு அங்கன்வாடியில் குழந்தையை எடை போட அம்மாக்களே பழைய சேலை கொண்டுவருவார்கள். பணியாளர் சுசீலா முதலில் வெறும் சேலையைத் தராசில் தூளியாகத் தொங்கவிட்டு, முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருகுவார்.

தீபிகாவின் மகள் தாய்ப்பால் மட்டும் குடிக்கிறாள். எடை ஏறவேயில்லை. மகளோடு இரட்டையாகப் பிறந்த தம்பி, பிறந்த அன்றே இறந்துவிட்டான்.

“நல்லாத்தான் குடிக்கிறாக்கா.”

“குடிச்சதெல்லாம் எங்க போவுதும்மா?”

சுசீலா தீபிகாவின் சேலையை வெறும் தூளியாக மாட்டினார். முள் இரண்டு கிலோவில் நின்றது.

“போன மாசம் இதே சேல ஒண்ணரை காட்டுச்சு. மத்த சேலைக்கெல்லாம் தராசு ஒழுங்காத்தான் கீது.”

தீபிகா முள்ளையே பார்த்தாள்.

“ஏறியிருக்குல்லக்கா?”

“பாப்பாவ இன்னும் வெக்கவே இல்லியேம்மா.”

தீபிகா மகளைச் சுசீலாவிடம் கொடுத்தாள். கழுத்துக்கு ஒரு கையும் அடியில் ஒரு கையும் தாங்கி, வெறும் தூளியைக் கொக்கியிலிருந்து மெதுவாக இறக்கினாள்.