ஊற்றாமல் விட்ட தண்ணீர்

மூன்றாவது நாளாக ஸும்ரா என் பின்னால் தண்ணீர் ஊற்றினாள்.

இன்றைக்கு என் கால் வழுக்கியது. கதவைப் பிடித்துக்கொண்டதால் பல் தப்பியது.

"ஐயோ டீச்சர்!" என்று வகுப்பே கத்தியது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். நான் விழுந்தாலும் அவர்களுக்குக் கொண்டாட்டம், விழாவிட்டாலும் கொண்டாட்டம்.

ஸும்ரா சிரிக்கவில்லை. காலி பாட்டிலைப் பிடித்தபடி தரையில் ஓடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

துப்புரவு பார்க்கும் ரெம்ஸி அண்ணன் மாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "ஏம்மா, இது பள்ளிக்கூடமா, குளிக்கிற எடமா? நான் ஒருத்தன் எத்தனை தடவதான் தொடைக்கிறது?"

கிளம்புகிறவர் பின்னால் தண்ணீர் ஊற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம்தான். தண்ணீர் மாதிரி தடையில்லாமல் போய், தண்ணீர் மாதிரி திரும்பி வா என்று சொல்லி ஊற்றுவோம். பட்டாளத்துக்குப் போகிற பையனுக்கு ஊற்றலாம், வெளியூர் பஸ் ஏறுகிறவருக்கு ஊற்றலாம். மாடி வகுப்புக்குப் போகிற இங்கிலீஷ் டீச்சருக்கு யாராவது ஊற்றுவார்களா?

ஸும்ராவின் அப்பா தஹ்சின் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போய்த் திரும்பாமல் நாற்பது நாள் தாண்டிவிட்டது. நாற்பதாம் நாள் ஓதி முடித்த மறுநாள் அம்மா அவளைக் கொண்டுவந்து வகுப்பில் விட்டாள். அன்றிலிருந்து ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேச மாட்டேன் என்கிறாள்.

முன்பு அப்படியா இருந்தாள்! ஆப்பிள் என்று ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் போதும், சந்தைப் பழக்காரரிடமும் அதையே சொல்லிச் சொல்லி உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். மணி அடித்ததும் பிள்ளைகள் எழுந்து நின்று "குட்பை டீச்சர்" என்று ராகம் போடுவார்களே, அதில் அவள் குரல்தான் முதலில் கேட்கும். இப்போது எல்லோரும் குட்பை சொல்லும்போது அவள் பாட்டிலைத் திறக்கிறாள்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே. ஊருக்கே தெரிந்த சங்கதி.

"கொடுடி அதை" என்று பாட்டிலைப் பிடுங்கினேன். "ஒரே ஒரு குட்பை சொல்லு. திருப்பித் தர்றேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அப்பனைப் பறிகொடுத்த பிள்ளையிடம் பேரம் பேசுகிறேன். சீ என்று ஆகிவிட்டது எனக்கே.

ஸும்ரா என் கோட்டு நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அப்போ நீங்க போகாதீங்க."

"எங்க கண்ணு போறேன்? மாடி ஏறி எறங்கி இங்கதான வரப்போறேன்?"

"அப்பாவும் எறங்கி ஏறி வந்துடுவேன்னுதான் சொன்னாரு."

ரெம்ஸி அண்ணன் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஈரத் தரையிலேயே மண்டியிட்டேன். அவள் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது.

"தினமும் அப்பாவுக்கு நான்தான் ஊத்துவேன்" என்றாள். "அன்னைக்கு மட்டும் ஊத்தல."

"மறந்துட்டியா?"

இல்லை என்று தலையாட்டினாள். பெஞ்சுக்கு ஓடிப்போய்ப் பையிலிருந்து நோட்டை எடுத்துவந்து என் கையில் வைத்தாள்.

"மறக்கல டீச்சர். ஹோம்வொர்க் பண்ணிட்டிருந்தேன். முடிச்சிட்டேன். நீங்கதான் பாக்கவே இல்ல."

பிரித்தேன். நான் பலகையில் எழுதிப்போட்டதை உருண்டை உருண்டையாக எழுதி வைத்திருந்தாள். நாளைக் காலையில் வீட்டிலிருந்து முதலில் கிளம்புகிறவருக்கு வாசலில் நின்று குட்பை சொல்ல வேண்டும். சொன்னதற்கு அவரிடமே கையெழுத்து வாங்கி வர வேண்டும்.

நான் எழுதிப்போட்ட அந்த மறுநாள் காலையில்தான் சுரங்கம் இடிந்தது. ஒரு வாரம் பள்ளியே இல்லை. அப்புறம் யார் ஹோம்வொர்க்கைக் கேட்டார்கள்? நானே மறந்துபோனேன்.

வரிக்குக் கீழே மை வராத கீறல்கள் நாலைந்து. அதற்கும் கீழே, கதவில் வைத்து எழுதின மாதிரி கோணலாக, தஹ்சின் என்று ஒரு கையெழுத்து.

"பேனா எழுதவே இல்ல. வேற பேனா தேடி எடுத்தோம். அதுக்குள்ள ஷிப்டு வண்டிக்காரன் ஹாரன் அடிச்சிட்டான். வாசல்லயே கையெழுத்துப் போட்டுட்டு அப்பா ஓடிட்டாரு" என்றாள். "தண்ணி ஜக்கு மேசை மேலயே இருந்துச்சு."

அந்தச் சின்ன உடம்புக்குள் நாற்பது நாளாக இதைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறாள். ஹோம்வொர்க் கொடுத்தவளை ஒரு சொல் குறை சொல்லவில்லை. நானும் வராமல் போய்விடக் கூடாதே என்று எனக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள், பாவி மகள்.

பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தேன். உன் மேல் தப்பே இல்லை கண்ணு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

ஸும்ரா என் கன்னத்தைத் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டாள். பிறகு நோட்டில் அப்பாவின் கையெழுத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.

"ஹோம்வொர்க் முடிச்சவங்களுக்கு ஸ்டார் போடுவீங்களே டீச்சர்?"

கோட்டுப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஸ்டாரின் முதல் கோட்டிலேயே நன்றாக எழுதியது.