இரண்டு நூல் தள்ளி

சுவர் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் இடித்துக் கட்டச் சொல்லுகிற கொத்தனார் மேஸ்திரி மாசிலாமணி, மனைவியின் நெற்றியில் தான் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டை ஐந்தாவது தடவையாகப் பிய்த்தெடுத்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து செங்கமலத்தின் வலது கை எழும்பவில்லை. முகமும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. மூக்குக்கு நேராக ஒட்டினால் புருவத்துக்குக் கோணலாகிறது. புருவத்துக்கு நடுவில் ஒட்டினால் உதட்டோடு சேரவில்லை.

“ஆடாம இரு கமலம்.”

அவள் ஆடவே இல்லை. அவர்தான் முன்னால் குனிவதும் பின்னால் நகர்ந்து பார்ப்பதுமாக இருந்தார். ஆறாவது தடவை பொட்டு பசை போய் அவள் மடியில் விழுந்தது.

“போதும், இங்க குடுங்க” என்று குழறியபடி செங்கமலம் பொட்டு அட்டையை வாங்கி மடியில் வைத்து, இடது கையால் புதிதாக ஒன்றை உரித்தாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தபடி ஒட்டிக்கொண்டாள். பொட்டு இரண்டு நூல் தள்ளி உட்கார்ந்தது.

“ஏங்க, நேரா இருக்கா?”

மாசிலாமணி சுவருக்குத் தூக்குக்குண்டு பிடித்துப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் தலையை மெதுவாகச் சாய்த்தார். இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.

“நேராத்தான் இருக்கு, கமலம்.”