காபி போடப் போன நேரம்

மெதெயின் நகரில், வந்துபோன விருந்தாளி நூபியா தெருமுனையைத் தாண்டுவதற்குள் எவெலியோ பொங்கிவிட்டான்.

"பாத்தியா ஒத்தீலியா! வெயில் படாம, இலை நனையாம, வீட்டுக்குள்ள பொத்திப் பொத்தி வளர்க்கிறியே இந்தப் பெகோனியாச் செடி! நீ காபி போடப் போனதும் ஒரு இலையைக் கிள்ளிப் பைக்குள்ள போட்டுக்கிட்டா. இரு, போய்க் கேக்கறேன்."

"உக்காருங்க. கேட்டு வாங்குற இலை வேர் பிடிக்காது, திருடினாத்தான் பிடிக்கும். நம்ம ஊர்ல எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் சொல்லுவா. அதான் வேணும்னே மெதுவா காபி போட்டேன்."

"அப்போ இந்தச் செடி?"

ஒத்தீலியா தொட்டியைப் பெருமையோடு திருப்பி வைத்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி முதல் தடவையா உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்களே, அன்னைக்கு உங்கம்மாவும் காபி போட ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டாங்க."